இறக்கைக்குள் பசை இருக்கிறதா? ஆயத்த மாதிரி விமானமும் நாமே கட்டும் ‘கிட்’டும்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களைப் பழுதுபார்ப்பதும், புதிதாக வருவோருக்கு அவற்றைப் பறக்கவிடக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். அண்மையில் ஒருவர் இரண்டு துண்டாகிப்போன இறக்கையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏழே முறை பறந்திருந்த ஆயத்த விமானம் அது. எட்டாவது முறை தலைகீழாகப் பாய்ந்து மேலெழும்போது இடது இறக்கை மடங்கிவிட்டது. வேகமாக இழுத்துவிட்டதாகவும் தவறு தன்னுடையதுதான் என்றும் அவர் சொன்னார். இறக்கையின் மேல் போர்த்தியிருக்கும் கவரிங் ஃபிலிமை உரித்துப் பார்த்தேன். இறக்கையின் நீளத்துக்கு ஓடும் தாங்குசட்டங்களான மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையில் நிற்கவேண்டிய, பால்சா என்ற இலேசான மரத்தாலான சிறு பலகைகளுள் ஒன்றை விரலால் தொட்டதும் அது கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் விளிம்பில் பசை காய்ந்த தடம்கூட இல்லை.

அந்தப் பலகை பார்வைக்கு அற்பமானது. இறக்கையின் உயிரோ அதில்தான் இருக்கிறது. விமானம் மேலே இழுக்கப்படும்போது மேல் ஸ்பார் நெருக்கப்படுகிறது, கீழ் ஸ்பார் இழுபடுகிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று நழுவாமலும் விலகாமலும் பிடித்துக்கொள்வது நடுவில் உள்ள தடுப்புப் பலகை. அதனால்தான் அதன் மரநார் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்து ஒட்டவேண்டும். 2 கிலோ எடையுள்ள விமானத்தை 4 மடங்கு விசையில் மேலிழுத்தால் இறக்கை தாங்கவேண்டிய சுமை 8 கிலோ. பலகை கழன்றிருந்தால், இரு முனைகளிலும் அழுத்தப்பட்ட ஈர்க்குச்சியைப் போல மேல் ஸ்பார் வளைந்து முறிந்துவிடும். பாகங்களாக வரும் கிட்டை வாங்கித் தானே கட்டியவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பலகையையும் அவரே அளந்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவிப் பொருத்தியிருப்பார். எந்தப் பலகையில் பசை குறைந்தது என்பதுகூட அவர் நினைவில் இருக்கும்.

இதனால் ஆயத்த விமானங்கள் எல்லாமே மட்டம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். தொழிற்சாலையில் இறக்கைக்கு வடிவம் தரும் விலாக்களை லேசரில் வெட்டி, நேராகப் பிடித்துவைக்கும் சட்டகத்தில் பொருத்தி ஒட்டுகிறார்கள். ஆகவே அங்கிருந்து வரும் இறக்கை பெரும்பாலும் நேராகவே இருக்கிறது. நான் கட்டிய முதல் கிட்டின் இறக்கை அப்படி இருக்கவில்லை. வளைந்திருந்த மேசையின் மேல் வைத்து ஒட்டியதில் ஒரு முனை முறுக்கிக்கொண்டது. அந்த விமானம் உள்ளவரைக்கும் இடப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. இறக்கை முனையின் முன்விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் சற்றே கீழ்நோக்கித் திரும்பியிருந்தால், வேகம் குறையும்போது முனை முதலில் தூக்குவிசையை இழக்காமல் காக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் அந்த முறுக்கு இருந்தால் அது குறைபாடு. வெளியே தெரியும் நேர்த்தியில், அனுபவமில்லாதவரின் கைவேலையைத் தொழிற்சாலை வென்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் இருக்கிறது. ஏஆர்எஃப் எனப்படும், ஏறத்தாழ முடிந்த நிலையில் வரும் பால்சா விமானங்களில் மூன்று இடங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதே இல்லை. முதலாவது, மோட்டாரைத் தாங்கும் ஃபயர்வால் என்ற பிளைவுட் பலகை. உடற்பகுதியின் பக்கச் சுவர்களுடன் அது சேரும் மூலைகளில் விளக்கை அடித்துப் பாருங்கள். பசை ஒழுங்கான கோடாக ஓடவேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால், முக்கோணப் பால்சாச் சட்டங்களை மூலைகளில் வைத்து, நிதானமாக இறுகும் 30 நிமிட எபாக்ஸியால் ஒட்டிவிடவேண்டும். 5 நிமிட எபாக்ஸி அவசரத்துக்கு உதவும். மெதுவாக இறுகுவதோ மரத்துக்குள் இறங்க நேரம் எடுத்துக்கொள்கிறது. அதிர்வு மிகுந்த எஞ்சின் பொருத்துவோருக்கு இந்த வேலை இரட்டிப்பு முக்கியம். எரிபொருளில் உள்ள எண்ணெய் மரத்தில் ஊறிவிட்டால் பிறகு எந்தப் பசையும் சரிவரப் பிடிக்காது.

இரண்டாவது, சக்கரக் கம்பிகளைத் தாங்கும் பலகை. தரையில் சற்றுக் கடினமாக இறங்கிய முதல் நாளிலேயே அது அடிப்பகுதியோடு பிய்ந்து வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மூன்றாவது, கீல்கள். விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் எய்லிரான், எலிவேட்டர், ரட்டர் ஆகிய பகுதிகளின் கீல்களைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பினால் வேலை மிச்சம் என்று மகிழ்கிறோம். ஒவ்வொரு கீலின் அருகிலும் பிடித்து உறுதியாக இழுத்துப் பாருங்கள். வானில் கழலவேண்டியது மேசையிலேயே கழலட்டும். கவரிங் ஃபிலிமில் விழும் சுருக்கத்தை மட்டும் பொருட்படுத்தாதீர்கள். வெப்பக் காற்றுக்கு அது அடங்கிவிடும். விமானத்தை வாங்கியவர்கள் என்னிடம் முறையிடுவதோ பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான்!

ஃபோம் விமானங்களின் கணக்கு வேறு. இபிஓ என்ற, நெகிழ்ந்து மீளும் ஃபோமில் செய்த பயிற்சி விமானம் விழுந்தாலும் பெரும்பாலும் பசை வைத்து ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடும். நசுங்கிய மூக்கு வெந்நீரில் ஓரளவு மீளும். ஆனால் தெர்மாகோல் எனப்படும் சாதாரண இபிஎஸ் ஃபோமில், நொடியில் ஒட்டும் வழக்கமான சயனோ பசையை விட்டால் அது ஃபோமையே கரைத்துத் தின்றுவிடும். ஃபோமுக்கென்று உள்ள பசையையே வாங்கவேண்டும்.

மதிப்பு என்ற பேச்சுக்கு வருவோம். கிட் வாங்கினால் மலிவு என்பது பழைய நம்பிக்கை. பெட்டிக்குள் மரமும் வரைபடமும் சில கம்பிகளும் இருக்கும். ஃபிலிம், பசைகள், சக்கரங்கள், கீல்கள், இஸ்திரிப் பெட்டி, குண்டூசி குத்தும் பலகை எல்லாம் நம் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் கூட்டினால் அதே அளவுள்ள ஆயத்த விமானத்தின் விலையைத் தொட்டுவிடும், சில வேளைகளில் தாண்டியும்விடும். பணம் மிச்சப்படும் என்று கிட் வாங்குகிறவரை நான் தடுத்துவிடுவேன்.

கிட்டின் மதிப்பு விமானம் உடைந்த நாளில் தெரியும். கட்டியவர் கையில் வரைபடம் இருக்கிறது. எந்த விலா முறிந்ததோ அதைப் பிரதியெடுத்து வெட்டிக்கொள்கிறார். ஆயத்த விமானத்துக்கு வரைபடம் தருவது அரிது. அந்த மாடலின் தயாரிப்பை நிறுத்திவிட்டால், ஒற்றை இறக்கை கிடைக்காமல் நல்ல உடற்பகுதி பரணில் தூசு படிந்து கிடக்கும். எடையும் கட்டுபவரின் கையில்தான். பால்சாவில் ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளை எடைபோட்டால் ஒன்று மற்றதைவிட இருமடங்கு கனமாக இருக்கக்கூடும். விவரம் தெரிந்தவர் இலேசானதை வாலுக்கும் கனமானதை ஸ்பாருக்கும் ஒதுக்குவார். வால் நீளமாகப் பின்னால் இருப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்கவேண்டியிருக்கும். வாலில் கனத்த மரத்தைப் பொருத்திவிட்டு மூக்கில் ஈயத்தைக் கட்டும் ஆயத்த விமானங்களை நான் பலமுறை கண்டு நொந்திருக்கிறேன்.

முதல் விமானம் எது என்று கேட்போருக்கு ஃபோம் பயிற்சி விமானத்தையே சொல்கிறேன். பறக்கக் கற்காதவர் மாதக்கணக்கில் கட்டியதைச் சில விநாடிகளில் நொறுக்கிவிட்டு இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கை பழகியபின், இறக்கை உடற்பகுதியின் மேல் அமர்ந்த எளிய கிட் ஒன்றையாவது கட்டவேண்டும். அதன்பின் ஆயத்த விமானங்களையே வாங்கினாலும், எங்கே பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

எதை வாங்கினாலும் முதல் பறப்புக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வழக்கமான அமைப்புள்ள விமானத்தில் எடைச் சமநிலைப் புள்ளி இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். கையேட்டில் கொடுத்த அளவோடு ஒப்பிட்டு, பேட்டரியை வைத்தே சோதியுங்கள். இதைச் சலிப்பூட்டும் சடங்காக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2 கிலோ விமானம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, அதே எடையைச் சுமார் 32 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் தலையில் போடுவதற்குச் சமம்.

மடங்கிய இறக்கையோடு வந்தவரை என் மேசையிலேயே உட்காரவைத்துப் புதிய தடுப்புப் பலகைகளை வெட்டச் சொன்னேன். முதல் இரண்டை மரநார் கிடைமட்டமாக இருக்கும்படி வெட்டிவிட்டார். காரணத்தைச் சொன்னதும் தானே தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வெட்டினார். இடது இறக்கை முடிந்தபின், உடையாத வலது இறக்கையையும் உரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். உரித்தோம். அதில் மேலும் இரண்டு பலகைகள் கையோடு வந்தன.