ஆர்க்கிட் இலையில் ஒரு கறை

ஆர்க்கிட் இலையில் கறை விழுந்தால் பலரும் முதலில் தேடுவது பூஞ்சைக்கொல்லியை. நான் மார்க்கர் பேனாவைத் தேடுவேன். கறையின் விளிம்பையொட்டி ஒரு கோடு, பக்கத்தில் தேதி. மறுநாள் கறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் சுட்டாலும், குளிர் தாக்கினாலும், கிருமி புகுந்தாலும் செத்த திசு பழுப்பாகவோ கறுப்பாகவோதான் ஆகும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். கறை பரவும் வேகம், இருக்கும் இடம், அதிலுள்ள ஈரம், இந்த மூன்றும்தான் துப்பு.

ஒரே நாளில் கோட்டைத் தாண்டி, தொட்டால் கொழகொழத்து, நாற்றமும் அடித்தால் பாக்டீரியா அழுகல் என்று சந்தேகிக்கலாம். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பசையை பாக்டீரியாவின் நொதிகள் கரைத்துவிடுவதால் இலை கூழாகிறது. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அழுகல் நடுக்குருத்தை எட்டினால் செடி பெரும்பாலும் பிழைக்காது. அதனால் யோசிக்காமல் நல்ல திசு வரை வெட்டி எறிந்து, இலைகளை ஈரமில்லாமல் வைக்க வேண்டும்.

கறை கோட்டுக்குள்ளேயே நின்று, இலை வளைந்து மேடாக வெளிச்சத்தைப் பார்க்கும் இடத்தில் வெளுத்துக் காய்ந்திருந்தால் அது வெயில் சூடு. ஃபெலனாப்சிஸ், கேட்லியா போன்ற தடித்த இலைச் செடிகள் நீரை மிச்சப்படுத்தப் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன. கரியமில வாயுவை இரவில்தான் வாங்கி அமிலமாகச் சேமிக்கின்றன. மற்ற செடிகள் பகலில் நீராவியை வெளியேற்றி உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். இவற்றுக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. வெயில் நேரத்தில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கையில் சுட்டால் செடியை இடம் மாற்றுங்கள். விழுந்த வடு ஆறாது, பரவவும் செய்யாது.

குளிர் இன்னும் தந்திரக்காரன். மிகக் குளிர்ந்த நீரோ இரவுக் குளிரோ இளம் இலையின் உள்திசுவைச் சிதைத்துவிடும். அதனால் இலையில் விழும் குழிகள் கண்ணில் படுவதற்குள் நாள்கள் ஓடி, எந்த இரவு என்பதே மறந்திருக்கும்.

பூஞ்சை மெல்லத்தான் நகரும். செர்கோஸ்போரா என்ற பூஞ்சை இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சளாகத் தொடங்கும். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் வளையம் வளையமாக விரியும். மேற்பரப்பு வெள்ளி பூசியதுபோல் மங்கினால் அடியில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்பழுப்புக் கறை ஒட்டினால் சிலந்திப்பேன். அடியிலுள்ள பழைய இலை ஒன்று மட்டும் மஞ்சளானால் அது முதுமை, விட்டுவிடலாம்.

பேனாவும் கண்ணும் தோற்கும் இடம் வைரஸ். சிம்பிடியம் மொசைக், ஓடொன்டோகுளோசம் வளையப்புள்ளி ஆகிய இரண்டும் ஆர்க்கிட்களில் பரவலானவை. கோடும் வளையமும் தெரியலாம். அறிகுறியே இல்லாமலும் செடிக்குள் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஆய்வகமோ சோதனைப் பட்டையோ வேண்டும். மருந்து கிடையாது. வெட்டும் கருவியில் ஒட்டிய சாறு வழியே அடுத்த செடிக்குத் தொற்றும், ஆல்கஹாலில் துடைப்பதை நம்பவும் முடியாது. அதனால் செடிக்கொரு புது பிளேடு வைத்துக்கொள்கிறேன், மேலே சொன்ன பாக்டீரியாக் கறையை வெட்டும்போதும்கூட.