டேங்கின் அடியில் ஒரு தோட்டம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி நாலைந்து வளைவு போயிருப்போம். மாமாவின் வீட்டு வண்டிக்கு (மோட்டார்ஹோம்) இழுவை போய்விட்டது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் இஞ்சின் இருமியதே ஒழிய ஏறவில்லை. ஒரு வளைவின் ஓரம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினார். அத்தை பின்னால் ஜெனரேட்டரைப் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

“அதே டேங்குல குடிக்கிற ஜெனரேட்டர் நல்லாத்தானே ஓடுது? அப்போ டீசல்ல கோளாறு இல்ல,” என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். எங்களை ஏமாற்றியது அந்த ஒரு வாக்கியம்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டி ஒரு காலத்தில் பேக்டரி பஸ். இருக்கைகளைக் கழற்றி, இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, குளியலறை, ஜெனரேட்டர் எல்லாம் வைத்து வீடாக்கியது. 200 லிட்டர் டேங்கு. இருப்பிடம் பெஸ்தாரி ஜெயாவில் மாமா வீட்டு ரம்புத்தான் மரத்தடி. 2007-இல் ஊர்ப் பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த முறை தீபாவளிக்கு முன் நிறுத்திய வண்டியைப் பங்குனியில்தான் வெளியே எடுத்தோம். சுமார் 5 மாதம். டேங்கில் பாதி டீசல்.

கையில் இருந்த ஒரு ஃபில்டரை மாற்றி, தட்டுத் தடுமாறி ஊர் திரும்பினோம். கடைவரிசைக் கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஃபோமன் டேங்கின் அடித்திருகைக் கழற்றி, வந்ததை ஹார்லிக்ஸ் போத்தலில் பிடித்து மேசைமேல் வைத்தார். “தொடாதீங்க அண்ணே, அப்படியே இருக்கட்டும்.”

கால் மணி நேரத்தில் போத்தலுக்குள் மூன்று அடுக்கு தெரிந்தது. மேலே தேன் நிறத்தில் டீசல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 840 கிராம்தான் இருக்கும். தண்ணீர் அதைவிடக் கனம், அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, பழைய கஞ்சியில் படியும் ஆடைபோல, கரும்பழுப்பாக ஒரு படலம். போத்தலைச் சாய்த்தால் அது கிழியாமல் வழுக்கிக்கொண்டு போனது. பூஞ்சை!

முதலில் தண்ணீர் கதை. ‘காலி டேங்கு வியர்க்கும், நிறுத்துவதற்கு முன் நிரப்பிவிடு’ என்று எல்லா லோரிக்காரரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு வியர்க்கும்? பாதி டேங்கில் 100 லிட்டர் காற்று. பகலில் 33 டிகிரி, விடியற்காலையில் 24 டிகிரி என்றால் அந்தக் காற்று சுமார் 3 விழுக்காடு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து 3 லிட்டர் ஈரக்காற்று உள்ளே வரும். நம் ஊர் இரவுக் காற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.02 கிராம் நீராவி. ஆக ஓர் இரவுக்கு 0.06 கிராம், 5 மாதத்துக்கு 9 கிராம். அத்தனையும் தண்ணீராகப் படிந்தாலும் இரண்டு தேக்கரண்டி. போத்தலில் இருந்ததோ அரை டம்ளருக்கு மேல்.

மீதி எங்கிருந்து வந்தது? டேங்கு மூடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. அக்டோபர், நவம்பர் சாயங்கால மழை எங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. சில வெள்ளி பெறுமான வளையம். வியர்வையைப் பற்றியே பேசிக்கொண்டு மூடியைப் பார்க்காமல் விடுகிறோம் என்பது என் குறை.

அடுத்தது நம் செம்பனையின் பங்கு. மலேசியாவில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்டது எங்கள் ஊர்ப் பக்கம்தான். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம். செம்பனைக்குத் தென்னையின் பெயர்! நூறு ஆண்டு கழித்து அந்த எண்ணெய் எங்கள் டேங்குக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2019 முதல் போக்குவரத்து டீசலுக்கு வந்த பி10 என்பதில் பத்தில் ஒரு பங்கு பாம் மீத்தைல் எஸ்டர். செம்பனை எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது அது. நல்ல குணமும் உண்டு: கந்தகம் நீக்கிய டீசலுக்கு வழவழப்பு குறைவு, எஸ்டர் அதை ஈடுகட்டி பம்ப்பைத் தேயாமல் காக்கும்.

ஆனால் எஸ்டர் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கிறது. தண்ணீரை அது இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ சாதா டீசலில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் தண்ணீர்தான் கரையும். தூய எஸ்டரில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல். சூட்டில் கரைந்திருப்பது குளிரில் சொட்டுச் சொட்டாகப் பிரியும். போதாததற்கு, எண்ணெயை எஸ்டராக்கும்போது முழுதும் மாறாமல் தங்கும் மோனோகிளிசரைடு சோப்பு போல வேலை செய்யும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் தாள் தண்ணீரை ஒட்டவிடாது. பொடிச் சொட்டுகள் அதில் முட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, கீழே கிண்ணத்தில் விழ வேண்டும். சோப்பு கலந்தால் சொட்டுகள் சேர மறுக்கும். சாம்பாரில் எண்ணெய் தனியே மிதக்கும், மோரில் வெண்ணெய்த் துளிகள் கலந்தே கிடக்கும் அல்லவா, அதுபோல.

பூஞ்சைக்கு டேங்கு நிறையத் தண்ணீர் வேண்டாம். மேலே சாப்பாடு, கீழே தண்ணீர். இரண்டும் சந்திக்கும் கோட்டில் அது குடியிருக்கும். அங்கே ஒரு மெல்லிய படலம் ஈரம் போதும், இரண்டு தேக்கரண்டியே தாராளம். அமோர்ஃபோதெக்கா ரெசினே என்ற இனத்துக்கு மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர். விமான எரிபொருள் டேங்குகளில் பெரும் தொல்லை கொடுத்தது. எண்ணெயைத் தின்று அமிலம் கக்கும், இரும்பை அரிக்கும், செத்தால் சேறாகும். எங்கள் வெயிலும் அசையாத டேங்கும் அதற்கு உரம் போட்ட நிலம்.

இப்போது மலைக்கு வருவோம். தஞ்சோங் மாலிம் வழியாகத் தாப்பா வரை எந்தச் சத்தமும் இல்லாமல் வந்த வண்டி ஏன் ஏற்றத்தில் நின்றது? சமதரையில் இஞ்சினுக்கு வேண்டிய டீசல் கொஞ்சம்தான். பாதி அடைபட்ட ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் முழு மிதி, அப்போது பல மடங்கு டீசல் வேண்டும், அடைப்பு அப்போதுதான் தெரியும். அதோடு மூக்கு மேலே தூக்கிய வண்டியில் அடித்தண்ணீர் பின்பக்கம் ஓடிச் சேரும். மாமா வண்டியில் டீசல் உறிஞ்சும் குழாய் இருப்பது அந்த மூலையில். வளைவுகளில் குலுங்கியதில் படலமும் கிழிந்து மிதந்து வந்தது.

ஜெனரேட்டருக்கு இதெல்லாம் ஏன் தெரியவில்லை? மோட்டார்ஹோமில் ஜெனரேட்டரின் குழாயை வேண்டுமென்றே உயரமாக, கால் டேங்கு மட்டத்தில் வைப்பார்கள். இரவெல்லாம் ஏர்கான் ஓடினாலும், காலையில் எண்ணெய் போடும் பொம்புக்குப் போய்ச்சேர டீசல் மிஞ்ச வேண்டுமே! அதனால் அது மேலே உள்ள சுத்தமான டீசலைக் குடித்துக்கொண்டு சிரித்தது. அடியில் உள்ள கசடெல்லாம் இஞ்சினுக்கு.

மாமாவுடையது பழைய மெக்கானிக்கல் பம்ப், பொறுமைசாலி. எல்லா இன்ஜெக்டருக்கும் (டீசலைத் தூவும் முனைக்கும்) ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் புது காமன்ரெயில் இஞ்சினாக இருந்திருந்தால் பில் வேறு மாதிரி வந்திருக்கும். அதில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இன்ஜெக்டரின் ஊசிக்கும் சுவருக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. தண்ணீருக்கு வழவழப்பு கிடையாது, அந்த இடுக்கில் அது உரசித் தேய்க்கும். முனைச்சூட்டில் சட்டென்று ஆவியாகி இன்ஜெக்டர் முனையையே பெயர்த்துவிடவும் கூடும்.

ஃபோமன் டேங்கை இறக்கிக் கழுவினார். கிருமிக்கொல்லி மருந்தும் ஊற்றினார். “இப்பத்தான் ஃபில்டர் அதிகமா அடைக்கும்,” என்று எச்சரித்தார். செத்த பூஞ்சை எங்கே போகும்? ஃபில்டருக்குத்தான். சொன்னபடியே முதல் 300 கிலோமீட்டரில் இரண்டு ஃபில்டர் போனது. மாற்றுவது பெரிய வேலையில்லை. புது ஃபில்டரைப் பூட்டி, கைப்பம்பை அது கல்லுமாதிரி இறுகும்வரை அழுத்தி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் சாவியைத் திருப்பிப் பேட்டரியைத் தீர்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு, பெயர் வேண்டாம்.

டேங்கை நிரப்பி நிறுத்துங்கள் என்று சொல்வது சுலபம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது, அன்றைய கணக்கில் எங்கள் டேங்கு நிரம்ப 670 வெள்ளி. மாமா அதற்கு ஒப்பவில்லை. புது மூடி வாங்கினார், மழைக்காலத்தில் அதன்மேல் ஒரு ரப்பர் துண்டைக் கட்டினார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலசிலாங்கூர் வரை வண்டியை ஓட்டிவிட்டு வருகிறார். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் முடுக்கி அணைப்பதில் பயனில்லை. ஓடும்போது இஞ்சினுக்குப் போகும் டீசலில் மிச்சம் வெதுவெதுப்பாக டேங்குக்கே திரும்பும். அப்படிச் சுற்றிச் சுற்றி ஃபில்டர் வழியாக வடிந்துகொண்டே இருக்கும்.

போன ஞாயிறு ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகை நான்தான் திறந்தேன். ஒரு சொட்டு தண்ணீர், பிறகு டீசல். மாமா அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தையிடம் கத்தினார்: “கேமரனுக்கு ஸ்வெட்டர எடுத்து வை!”