பாட்டிக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்?

"வயசாயிடுச்சு, எனக்கு எதுக்கு இவ்வளவு?" என்று தட்டை நகர்த்திவிடும் பாட்டி அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் கவலையாக இருக்கிறது.

ஒரு நாளில் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அளக்க அழகான வழி ஒன்று உண்டு. டியூட்டீரியம், ஆக்சிஜன்-18 என்ற கனமான அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். டியூட்டீரியம் சிறுநீர், வியர்வை என்று நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். அதனால் சீக்கிரம் குறையும். ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தை ஒப்பிட்டால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து எரிந்த கலோரியைக் கணக்கிடலாம். முகத்தில் கருவி மாட்ட வேண்டாம், ஓர் அறையில் அடைக்க வேண்டாம். பாட்டி பாட்டுக்கு வாசல் பெருக்கிக் கோலம் போடலாம்.

இப்படி 29 நாடுகளில் 6,400க்கும் அதிகமானோரிடம் எடுத்த அளவுகள் 2021இல் வெளியாயின. உடலின் அளவையும் கொழுப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், 20 முதல் 60 வயதுவரை செலவு ஏறக்குறைய மாறவே இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் தனியாக ஒரு சரிவும் தெரியவில்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. தசை கரைவது மட்டும் காரணமல்ல. உறுப்புகளே நிதானமாக வேலை செய்கின்றன.

சரி, கலோரி குறையலாம். புரதம் குறையக் கூடாது. வயதான தசை, அதே அளவு புரதத்திலிருந்து முன்பைவிடக் குறைவாகவே தன்னைக் கட்டிக்கொள்கிறது. அதனால் முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ பாட்டிக்கு 50 கிராமாவது வேண்டும். காலையில் இரண்டு இட்லி கொடுப்பது சுமார் 4 கிராம். மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. கூட்டிப் பாருங்கள், பாதியைத் தொடுவதே சிரமம். பல் போனதால் சுண்டலும் வேர்க்கடலையும் முதலில் விடைபெறுகின்றன. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர். அப்புறம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். வேலை கொடுத்தால்தான் தசை அந்தப் புரதத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.