உங்கள் பிராண்ட் பெயர் அடுத்த நாட்டில் யாருடையது?

சரக்கு துறைமுகத்தில் இறங்கியபிறகு, "இந்தப் பெயர் இங்கே வேறொருவர் பேரில் பதிவாகியிருக்கிறது" என்று தடுக்கப்பட்ட ஒருவரைப் பார்த்தேன். அந்த வேறொருவர், தடுக்கப்பட்டவரே தேடிப் பிடித்த விநியோகஸ்தர். மாதிரிப் பெட்டி கைக்கு வந்த கையோடு அந்த விநியோகஸ்தர் போய்த் தன் பேரில் விண்ணப்பித்துவிட்டார். பெட்டியில் இருந்த லோகோவை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்.

டிரேட்மார்க், அதாவது பிராண்ட் பெயர், லோகோ மீதான சட்ட உரிமை, நாட்டுக்கு நாடு தனி. உங்கள் நாட்டுச் சான்றிதழ் எல்லையோடு நின்றுவிடும். கம்பெனிப் பெயரைப் பதிந்ததும், இணைய முகவரி வாங்கியதும் டிரேட்மார்க் ஆகாது. அமெரிக்க உணவகத் தொடரான பர்கர் கிங்கே 1971-ல் ஆஸ்திரேலியா போனபோது அடிலெய்டில் ஒரு கடை அந்தப் பெயரை வைத்திருந்ததால், ஹங்ரி ஜாக்ஸ் என்று கடை திறக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்பு உண்டு. சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான். அங்கே "நான்தான் பல வருஷமாக விற்கிறேன்" என்று சொல்லி ஜெயிப்பது கஷ்டம். கெட்ட எண்ணத்தில் பதிந்தார் என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான் விழும். உள்ளூர் எழுத்திலும் பெயரைப் பதியுங்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனே தன் பெயரின் சீன வடிவத்துக்காக 2012-ல் வழக்குப் போட்டு, 2016-ல் சீன உச்ச நீதிமன்றத்தில்தான் தீர்ப்பு பெற்றார். அப்போதும் எல்லா வழக்கிலும் வெல்லவில்லை. அதனால் விநியோகஸ்தரிடம் பேசுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். ஒப்பந்தத்தில் "பெயர் எங்களுடையது, நீங்கள் பதியக் கூடாது" என்ற வரியும் இருக்கட்டும்.

சொந்த நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பாரிஸ் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே அங்கும் செல்லும். இந்த 6 மாதத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அவர்களிடம் யாருமே சொல்லவில்லை.

மாட்ரிட் முறை என்ற பன்னாட்டுப் பதிவு வழியில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். ஒரு விண்ணப்பம் என்பதால் ஒரே முடிவு வரும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு நாடும் தனியாகப் பரிசீலித்து, 12 அல்லது 18 மாதம் வரை எடுத்துக்கொண்டு மறுக்கலாம். மறுத்தால் பெரும்பாலும் அந்த நாட்டு வழக்கறிஞரை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும், அதற்கும் கெடு உண்டு. இன்னொரு பொறி: முதல் 5 வருஷத்துக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால், மற்ற நாட்டு உரிமைகளும் கூடவே விழும். அப்புறம் 3 மாதத்துக்குள் தனித்தனி விண்ணப்பமாக மாற்ற வேண்டும்.

பதிந்துவிட்டுச் சும்மா வைத்தாலும் போய்விடும். சீனாவில் 3 வருஷம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 5 வருஷம் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் யாரும் ரத்து கேட்கலாம். இன்வாய்ஸ், பேக்கிங் படம், தேதியோடு எடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் வெளியானதும் முத்திரையோடு "பதிவுக் கட்டணம் கட்டவும்" என்று கடிதம் வரும். அரசு அலுவலகக் கடிதம் போலவே இருக்கும், ஆனால் மோசடியாக இருக்கலாம். உங்கள் ஏஜென்டைக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.