விபத்து நடக்கும் முன்பே தெருவைத் திருத்துவது எப்படி?

சென்னையில் சாலை விபத்து வழக்கு பதிவானால், அது நடந்த இடம், நேரம், வண்டி வகை, சாலையின் அமைப்பு எல்லாவற்றையும் காவல்துறை ஒரு செயலியில் ஏற்றுகிறது. ஐராட் என்ற அந்தத் தேசியத் தரவுத்தளத்தை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தத் தரவை வைத்துத்தான் 'பிளாக் ஸ்பாட்' கண்டுபிடிக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நடந்தால் அது பிளாக் ஸ்பாட்.

ஜிஎஸ்டி சாலை போன்ற பெரிய சாலைகளுக்கு இந்த முறை பொருந்தும். ஆதம்பாக்கத்திலோ பெரம்பூரிலோ உள்ள ஒரு குடியிருப்புத் தெருவுக்குப் பொருந்தாது. அங்கே ஒரு வருடம் ஒருவர் அடிபடுவார், அடுத்த இரண்டு வருடம் ஒன்றும் நடக்காது. கை ஒடிந்தவர் பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், வழக்கே இருக்காது. விபத்து நடந்ததும் வேகத்தடை போட்டு, மறுவருடம் விபத்து இல்லை என்றால் அதனால்தான் என்று சொல்லவும் முடியாது. எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அது தற்செயலாகவே ஏறும், இறங்கும். அதனால் உட்புறச் சாலைகளில் பிணக்கணக்குக்காகக் காத்திருப்பது தவறு என்பதே என் உறுதியான எண்ணம். அளக்க வேண்டியது வேகத்தை.

ஏன் வேகம்? திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே வந்தால், ஓட்டுபவர் பார்த்து பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். காய்ந்த சாலையில் 30 கிமீ வேகத்தில் வரும் கார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிமீ வேகத்தில் வரும் கார் அதே 13 மீட்டரைக் கடக்கும்போது பிரேக்கே பிடிக்க ஆரம்பித்திருக்காது. முழு வேகத்தோடு மோதும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 கிமீதான் என்று சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆனால் பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது. பொறியாளர்கள் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன் வைத்து, நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டவில்லை என்று பார்ப்பார்கள். அது 42 என்று வந்தால், ஓட்டுபவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்தச் சாலையே அப்படி ஓட்டச் சொல்கிறது.

எப்படிச் சொல்கிறது? தேவைக்கு மேல் அகலம், நேர்கோட்டில் நீளும் பார்வை, அப்புறம் தெருமுனை. முனை பெரிய வளைவாக இருந்தால் பைக்கும் ஷேர் ஆட்டோவும் வேகம் குறைக்காமலே திரும்பும். நடைபாதையை நீட்டி அந்த வளைவை இறுக்கினால் வண்டி தானாக மெதுவாகும், நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் குறையும். சந்திப்புகளிலும் இதே சிந்தனைதான். நான்கு சாலைகள் கூடும் சாதாரண சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் உரசும் புள்ளிகள் 32. அண்ணா நகரில் இருப்பதுபோல் ரவுண்டானா வைத்தால், ஒற்றை வரிசைப் பாதையில் அது 8 ஆகிறது.

வேகத்தடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் ஐ.ஆர்.சி. எனப்படும் இந்திய சாலைகள் காங்கிரஸின் அளவுப்படி, 25 கிமீ வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உயரம் இருக்க வேண்டும். அந்த நீண்ட வளைவில் வேகம் கூடக்கூட குலுக்கலும் கூடும். தெருக்காரர்கள் தாங்களே சிமென்டில் போடும் குறுகலான மேடு வேறு மாதிரி. மெதுவாகப் போகிறவரின் முதுகை அது உடைக்கும். வேகமாகப் போகும் காரின் சஸ்பென்ஷனோ அந்த இடியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இருட்டில் வரும் பைக் அதில் ஏறிக் கவிழும் ஆபத்தும் உண்டு. நல்லெண்ணத்தில் போட்டதே ஆளைக் கொல்லக்கூடும்.

சென்னைக்கென்று இன்னொரு சிக்கல், மழை. ஊர் தட்டையானது. உயர்த்திக் கட்டிய நடைகடவை தண்ணீரை மறித்தால் தெருவே குளமாகும். ஓரத்தில் நீர் வழி விட்டுத்தான் கட்ட வேண்டும்.

சரி, யார் செய்வது? பேருந்துத் தடச் சாலைகளுக்கு மாநகராட்சியில் தனித் துறை, உட்புறச் சாலைகளுக்கு மண்டலப் பொறியாளர்கள், அண்ணா சாலை போன்றவற்றுக்கு நெடுஞ்சாலைத் துறை. தோண்டுவதற்கு குடிநீர் வாரியமும் வரும். அதனால் திருத்தத்துக்கு ஏற்ற நேரம், பழைய தாரைச் சுரண்டிப் புதுச் சாலை போடும் சமயம்தான். செலவு குறைவு, தெருவும் ஒருமுறைதான் தொந்தரவு படும். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்திருக்கிறது. பகுதிவாசிகள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் தெருப் பெயரோடு இந்தத் திருத்தத்தைக் கேட்கலாம்.

கான்கிரீட் போடுமுன் கூம்பும் பெயின்டும் வைத்துச் சில வாரம் சோதிப்பது நல்லது. பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் வேகத்தை அளக்க வேண்டும். பக்கத்துத் தெருக்களிலும் அளக்க வேண்டும். ஒரு தெருவில் வேகம் தடைபட்டால் குறுக்கு வழி தேடும் வண்டிகள் அடுத்த தெருவுக்குத்தான் போகும்.