கடைமடைச் சிலிண்டர்

இன்ஜினிலிருந்து கழற்றிய ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக உட்காரும் பாகத்தை, பட்டறை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான்கு எரி அறைகளில் முதல் மூன்றிலும் ஒரே மாதிரிப் பழுப்புப் படிவு. நான்காவது மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்துக் கிடந்தது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் தகடு கருகி, ஓர் அரிசி நீளத்துக்கு அரித்துப் போயிருந்தது.

"வண்டி ஒரு தடவைகூட சூடாகலண்ணே. முள்ளு பாதியத் தாண்டினதே இல்ல" என்றான் தம்பி. சித்தப்பா மகன். மன்னார்குடிப் பக்கம் நெல்லும் உளுந்துமாக விவசாயம் பார்க்கிறான், கூடவே ஒரு பழைய ஜிப்சியையும் பிள்ளை மாதிரி வளர்க்கிறான். எட்டு மாதம் முன்பு அந்த ஜிப்சியில் வேறொரு இன்ஜினை ஏற்றினான். முன்சக்கரங்களால் இழுக்கிற ஒரு காரிலிருந்து எடுத்த 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது. ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு. அப்படியிருந்தும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. காரணம், தண்ணீருக்கு விட்டிருந்த வழி.

இன்ஜினுக்குள் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சப் பங்கைத் தண்ணீர் சுமக்க வேண்டும். முழு மூச்சில் 45 கிலோவாட் தருகிற இன்ஜின் என்றால், தண்ணீரிலும் கிட்டத்தட்ட அந்த அளவு வெப்பம் இறங்கும். 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு இருபதுக்கு மேல் ஒரே பாத்திரத்தின் அடியில் எரிகிற மாதிரி. விநாடிக்கு 2 லிட்டர் ஓடினால் இதைச் சமாளித்துவிடலாம். உள்ளே போகிற தண்ணீரைவிட வெளியே வருவது 5, 6 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஆனால் இது மொத்தக் கணக்கு. மொத்தக் கணக்கு சரியாக இருக்கும்போதே ஏதோ ஒரு மூலைக்குத் தண்ணீர் போகாமல் இருக்கலாம். இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, முறை கணக்கெல்லாம் பேப்பரில் சரியாக இருக்கும். பேராவூரணிக் கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும்.

வயலில் நிற்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜினில் இந்தச் சிக்கல் கிடையாது. பம்பு இறைக்கிற தண்ணீரிலிருந்தே சின்னக் குழாய் ஒன்று பிரிந்து சிலிண்டரின் அடியில் நுழையும். ஹெட்டைச் சுற்றிவிட்டு மேலே வெந்நீராக வெளியேறி வாய்க்காலில் விழும். அந்த வெந்நீரில் கை நீட்டிப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் இன்ஜின் உடம்பை நாடி பார்ப்பார்கள். உள்ளே வரும் இடம் அடியில், வெளியேறும் இடம் உச்சியில். நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் தண்ணீர் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கும்போது கதை மாறுகிறது. வாட்டர் பம்ப் பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கம், அதாவது ஒன்றாம் சிலிண்டர் பக்கம் இருக்கும். அது தண்ணீரைப் பிளாக்குக்குள், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகத்துக்குள் தள்ளும். பிளாக்கின் நீளத்துக்கு ஓடுகிற தண்ணீர், வழியில் ஹெட் கேஸ்கெட்டில் இருக்கும் துளைகள் வழியாக ஹெட்டுக்கு ஏறும். ஹெட்டிலிருந்து ஒரு வாய் வழியே ரேடியேட்டருக்குப் போகும். அந்த வாய் மறுகோடியில் இருந்தால், தண்ணீர் எந்தத் துளையில் ஏறினாலும் மொத்தத்தில் ஒரே நீளப் பாதையைத்தான் கடக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு.

வெளியேறும் வாயைப் பம்பு இருக்கும் பக்கமே வைத்துவிட்டால்? மடையும் வடிகாலும் ஒரே வரப்பில் அடுத்தடுத்து வெட்டிய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மடையில் நுழைந்து, பக்கத்தில் திரும்பி, வடிகாலில் போய்விடும். எதிர் வரப்போரம் தண்ணீர் நிற்கும், ஆனால் ஓடாது. இன்ஜினிலும் அதேதான். ஒன்றாம் சிலிண்டர் பக்கத்துத் துளைகளில் ஏறும் தண்ணீர் குறுக்கு வழியில் வெளியேறிவிடும், நான்காவது கடைமடை ஆகிவிடும். அங்கே ஒரு சொட்டுகூடப் போகாது என்று சொல்ல மாட்டேன். கேஸ்கெட் துளைகளை வேண்டுமென்றே சின்னதும் பெரிதுமாக வைத்து, மதகு ஷட்டரைப் போலப் பங்கைச் சரிசெய்வது உண்டு. ஆனால் அந்தத் துளைகளின் அளவு, வாய் எங்கே இருக்கும் என்று முடிவு செய்த பிறகு வைத்தது. வாயை இடம் மாற்றினால் அந்தக் கணக்கு பொருந்தாது.

பெரிய கம்பெனிகளுக்கே இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. மஸ்டா நிறுவனம் 1989-இல் மியாட்டா என்ற சின்னப் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் 1.6 லிட்டர் இன்ஜின், 323 என்ற முன்சக்கர காரின் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. 323-இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், வெந்நீர் கியர்பாக்ஸ் பக்கக் கோடியில் வெளியேறும். மியாட்டாவில் அதை நெடுக்காகத் திருப்பியபோது அந்தக் கோடி பின்பக்கம் போய், ஓட்டுநர் கால்மாட்டுத் தகட்டை முட்டுகிற மாதிரி ஆனது. அதனால் தெர்மோஸ்டாட்டையும் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) வெந்நீர் வாயையும் முன்பக்கம் கொண்டுவந்தார்கள். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். ரேஸ் ஓட்டுகிறவர்களும் டர்போ பூட்டுகிறவர்களும் பின் சிலிண்டர் கூடுதலாகச் சூடாவதைக் கண்டு, வாயை மறுபடி பின்பக்கமே கொண்டுபோகும் வேலையைத் தொடங்கினார்கள். கூலன்ட் ரீரூட், அதாவது குளிர்விக்கும் தண்ணீரின் பாதையை மாற்றுவது என்று அதற்குப் பெயர். இன்று அதற்கான உதிரிபாகங்கள் பெட்டியில் போட்டே விற்கின்றன.

தம்பியின் வண்டியிலும் இதே தான். பின்கோடி வாய்க்கும் தகட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இல்லை என்பதால், மாற்றிக் கொடுத்த பட்டறையில் அதை ஒரு தகடு போட்டு மூடி, பம்புப் பக்கம் புது வாய் எடுத்திருந்தார்கள். ஹீட்டர் குழாய்க்கான சின்ன வாயையும் மூடிவிட்டார்கள். தஞ்சாவூர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் அந்தச் சின்ன வாய், நான்காவது சிலிண்டரை ஒட்டி வெந்நீர் எடுத்து பம்பின் உறிஞ்சு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கடைமடைக்கு மிச்சமிருந்த ஒரே வடிகால் அது. அதையும் அடைத்தாயிற்று.

தண்ணீர் ஓடாமல் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தோசைக்கல்லில் பார்க்கலாம். கல் ஓரளவு காய்ந்திருக்கும்போது தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று கொதித்து மறைந்துவிடும். அந்த ஒரு நொடியில் கல்லிலிருந்து ஏராளமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் அதே தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சீக்கிரம் ஆவியாகாது. அடியில் ஒரு நீராவிப் படலம் உருவாகி, கல்லும் தண்ணீரும் தொடாதபடி பிரித்துவிடுவதுதான் காரணம். இன்ஜினுக்குள் புகை வால்வைச் சுற்றியிருக்கும் உலோகத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எப்போதும் வரும். ஓடும் தண்ணீர் அவற்றை அடித்துக்கொண்டு போனால் அது நல்லதே, அந்தக் குமிழிகள் கூடுதல் வெப்பத்தைக் கொண்டுபோகும். தண்ணீர் நின்றுவிட்டால் குமிழிகள் சேர்ந்து ஆவிப் பையாகி உலோகத்தைப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் அந்த இடத்து உலோகத்தின் சூடு கிடுகிடுவென ஏறும். ஹெட் அந்த ஓரத்தில் மட்டும் விரியப் பார்க்கும், கேஸ்கெட் மேல் இருக்கும் பிடி தளரும். பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி 'டக் டக்' என்று இடிக்கவும் ஆரம்பிக்கும்.

இவ்வளவு நடக்கும்போது மீட்டர் முள் ஏன் அசையவில்லை? சென்சார் புது வாயில், முன்பக்கம் இருந்தது. குறுக்கு வழியில் வந்த குளிர்ச்சியான தண்ணீரைத்தான் அது அளந்தது. தலைமடை ரெகுலேட்டரில் மட்டம் பார்த்து, கடைமடையும் நிறைந்துவிட்டது என்று எழுதுவதைப் போல. சென்சார் எப்போதும் கடைசியாகத் தண்ணீர் தொடும் இடத்தில், எல்லாச் சிலிண்டரும் கலந்த தண்ணீரில் நிற்க வேண்டும்.

சரி, எப்படித் திருத்தினோம்? பின்கோடிக்கு ஒரு தட்டையான வாய் வேண்டும். ஊர் லேத் பட்டறையில் அலுமினியக் கட்டி ஒன்றைக் கடைந்து, நேராகப் பின்னால் நீளாமல் பக்கவாட்டில் திரும்புகிற மாதிரிச் செய்து வாங்கினோம். அதிலேயே தெர்மோஸ்டாட் உட்காரும் பள்ளமும் சென்சாருக்கு மரையும் எடுத்தாயிற்று. அங்கிருந்து 32 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அலுமினியக் குழாய், புகை வரும் பக்கத்தை விட்டு விலகி, இன்ஜின் ஓரமாகவே முன்னால் வருகிறது. குழாயை இன்ஜினோடுதான் கட்ட வேண்டும், பாடியோடு கட்டக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், பாடி ஆடாது. ஆட்டத்தை ரேடியேட்டர் ஓரத்து ரப்பர் ஹோஸ் வாங்கிக்கொள்ளட்டும். குழாய் முனையில் விளிம்பை உருட்டிப் புடைக்க வைப்பது முக்கியம், இல்லையென்றால் அழுத்தத்தில் ஹோஸ் கிளிப்போடு சேர்ந்து கழன்று வரும். இடம் பத்தவில்லை என்று மெல்லிய குழாய் போடச் சொன்னவர்களும் உண்டு. விட்டத்தைப் பாதியாக்கினால், அதே தண்ணீரைத் தள்ளப் பம்புக்கு ஏறக்குறைய 32 மடங்கு எதிர்ப்பு வரும். தயவுசெய்து வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இடம் மாறும்போது பைபாஸையும், அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் சுற்றி வரும் வழியையும் மறக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் என்பது ஒரு செப்புக் கிண்ணத்தில் அடைத்த மெழுகு. 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து, ஒரு ஊசியைத் தள்ளி வால்வைத் திறக்கும். அது மூடியிருக்கும்போதும் தண்ணீர் இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றாவிட்டால் மெழுகுக்குச் சூடு வந்து சேராது. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதே வால்வு மூடிக் கிடக்கும், பிறகு திடீரென்று திறந்து ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் சூடான உலோகத்தில் பாயும். அதனால் ஹீட்டர் இல்லாவிட்டாலும் அந்தச் சின்ன வாயிலிருந்து பம்புக்கு ஒரு ஹோஸ் போட்டுவிட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி காற்று. நெடுக்காக ஏற்றிய இன்ஜினைப் பின்பக்கம் மூன்று, நான்கு டிகிரி சாய்த்து வைப்பது வழக்கம், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்துக்காக. அப்படியானால் ஹெட்டில் உயரமான இடம் முன்பக்கம். நாம் மூடிய முன் வாய்தான் இப்போது காற்றும் ஆவியும் ஒதுங்குகிற மூலை. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகி, பம்புக்குள் காற்றுப் பிடித்து, இன்ஜின் ஓடியும் தண்ணீர் வராமல் நின்ற அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். மூடிய தகட்டில் ஒரு சின்னத் துளை போட்டு, 6 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்றை இருப்பதிலேயே உயரமான இடத்தில் மாட்டிய சின்னத் தொட்டிக்கு விட்டோம். காற்று மேலே போய் தொட்டியில் பிரியும், தண்ணீர் கீழே இறங்கும். தொட்டியின் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்து உப்புப் போர்த் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரித்துத் தின்றுவிடும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி.

ஓடவிட்டுப் பார்த்தோம். வெப்பம் அளக்கும் துப்பாக்கிக் கருவி பளபளப்பான அலுமினியத்தில் குறைத்துக் காட்டும், அதனால் ஹெட்டின் இரு கோடியிலும் கருப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்தோம். முன்னால் 88, பின்னால் 91. வெந்நீர் பின்னால் வெளியேறுவதால் அந்த மூன்று டிகிரி இருக்கத்தான் வேண்டும். ராத்திரி ஆறவிட்டு மறுநாள் தொட்டியைத் திறந்தால் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. எங்கோ ஒளிந்திருந்த காற்று வெளியேறிய கணக்கு அது. ஊற்றி நிரப்பினோம், கிளிப்புகளை இன்னொரு சுற்று முறுக்கினோம். அடுத்த நாள் கால் விரல். மூன்றாம் நாள் நீடாமங்கலம் வரை போய் வந்து, விடிந்ததும் அவனே திறந்து பார்த்துவிட்டு போன் பண்ணினான். "கோட்டுலயே நிக்குதண்ணே."