நுண்மீன் குஞ்சுக்கு மருந்து எதற்கு?

பொரித்துச் சில நாளே ஆன நுண்மீன் குஞ்சை நாற்றங்கால் குளத்தில் விட்ட மறுநாளே ஆன்டிபயாட்டிக் வாங்கித் தீவனத்தில் கலக்கிற பழக்கம் கெண்டை வளர்ப்பவர்கள் சிலரிடம் இருக்கிறது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகளுக்கு மீன் வளர்ப்பில் தடை உண்டு. தடை இல்லாததைக் கலந்தாலும் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி கூடிவிடாது.

ரோகு, கட்லா குஞ்சுக்குப் பொரித்த மூன்றாம் நாள் வாக்கில் மஞ்சள்கருப் பை கரைந்துவிடும். தாய் அதில் வைத்தனுப்பிய எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்கும் புரதம்) கொஞ்சநாள் தாங்கும், பிறகு தீர்ந்துபோகும். சொந்தமாகச் சுரக்க வேண்டிய உறுப்புகளோ அப்போதுதான் உருவாகின்றன. மீனுக்கு எலும்பு மஜ்ஜை இல்லாததால், இரத்த அணுக்களை உண்டாக்கும் அதன் வேலையைத் தலைப்பக்கச் சிறுநீரகம் செய்கிறது. செவுளருகே தைமஸ் என்கிற எதிர்ப்புச் சக்தி உறுப்பு முதல் வாரத்திலேயே தென்படும். ஆனால் சாதாக் கெண்டையில் இந்த அமைப்பு முழுசாக வேலைக்கு வர 6 முதல் 8 வாரம் பிடிக்கும். நாலு வாரத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டால், உடம்பு அந்தக் கிருமியைப் பகையென்று அறியாமல் பழகிக்கொள்ளவும் கூடும். அவசரப்பட்டால் கெடுதல்தான்.

அதுவரை காவல், உடம்பின் மேலே இருக்கிற வழவழப்பு. குஞ்சைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறதே, அதில்தான் கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் இருக்கிறது. முடிச்சு வலையில் உரசினால் அது வழித்துக்கொண்டு போய்விடும். முடிச்சில்லாத மெல்லிய வலையாலேயே பிடியுங்கள், வெயிலுக்கு முன் பிடியுங்கள். குஞ்சு வந்த பையை 15–20 நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பிறகே திறந்துவிட வேண்டும்.

மண் குளத்தில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் குஞ்சு போதும். நெரிசலில் குஞ்சுக்கு ஏற்படும் அழுத்தமே எதிர்ப்பை அடக்கிவிடும்.

தீவனத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு லட்சம் நுண்குஞ்சின் எடை ஏறக்குறைய 140 கிராம். முதல் ஐந்து நாள் அதன் நாலு மடங்கு, அதாவது நாளுக்கு 600 கிராமுக்குள், சலித்த தவிடும் கடலைப்பிண்ணாக்குத் தூளும் சம அளவில், பிறகு இரட்டிப்பு. கை தாராளமானால் மிச்சம் அழுகி, அம்மோனியா ஏறி, செவுள் வெந்துபோகும். பின்னாலேயே டிரைக்கோடினா என்கிற ஒட்டுண்ணி வரும். அதைப் பார்த்துவிட்டு 'நோய்' என்று மருந்துக்கு ஓடுவார்கள்.

முதல் எதிர்ப்பொருள் தாயிடமிருந்தே வருவதால், குஞ்சு வாங்கும் இடத்தில் தாய் மீனுக்கு என்ன தீவனம் போட்டார்கள் என்றும் கேளுங்கள். விடியற்காலையில் குஞ்சு மேலே வந்து வாய் பிளந்தால் பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவுதான்: அன்றைய தீவனத்தை நிறுத்திவிட்டு, புதுத் தண்ணீரைத் தெளிப்பாக விழும்படி விடுங்கள்.